மாவில்லாத டாக்கோ: இரவு உணவுக்கு ஒரு மாற்று

சில மாதங்களுக்கு முன் எமது நீரிழிவுப் புறநோயாளர் பிரிவுக்கு நடுத்தர வயதுடைய ஒருவர் தம் மகளுடன் வந்திருந்தார். வேடசந்தூர்ப் பக்கம் உள்ள நூற்பாலை ஒன்றில் இரவுப் பணி செய்பவர். ஏழு ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு நோய் உள்ளது. காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தச் சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருந்தது. இரவு உணவுக்குப் பின் எடுத்த அளவோ ஒவ்வொரு முறையும் முந்நூறைத் தாண்டி நின்றது. காரணத்தைத் தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. பணிக்குச் செல்லும் வழியில் தினமும் மூன்று பரோட்டா, சால்னா. பதினைந்து ஆண்டுப் பழக்கம்.

நான் வழக்கமான அறிவுரையைத் தொடங்குவதற்குள் மகள் தம் கைப்பேசியை என் முன் நீட்டினார். அதில் மெக்சிகோ நாட்டு டாக்கோவைச் செய்யும் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. மாவால் செய்த ஓட்டுக்குப் பதிலாக மெல்லிய முட்டை அடையை மடித்து, அதனுள் கறியையும் காய்களையும் வைத்திருந்தார்கள். “டாக்டர், பரோட்டாவுக்குப் பதிலா அப்பாவுக்கு இதைச் செஞ்சு கொடுக்கலாமா?” என்று கேட்டார். “தாராளமாகக் கொடுக்கலாம்” என்றேன். அந்தப் பதில் சரியானதுதான். ஆனால் அது முழுமையான பதில் அன்று. அதில் நான் விட்ட பகுதியால் என்ன நேர்ந்தது என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் கூறுகிறேன். முதலில் உணவைப் பார்ப்போம்.

டாக்கோ என்பது என்ன?

டாக்கோ மெக்சிகோ மக்களின் அன்றாட உணவு. நாம் தோசைக்குள் மசாலாவை வைத்து மடிப்பதைப் போல, அவர்கள் மக்காச்சோள ரொட்டிக்குள் கறி, வெங்காயம், தக்காளி, மிளகாய், கொத்தமல்லி ஆகியவற்றை வைத்து மடித்து, எலுமிச்சை பிழிந்து கையால் உண்பார்கள். பெயர் நமக்குப் புதிது. பொருள்கள் எவையும் புதியவை அல்ல. மக்காச்சோளம், மிளகாய், தக்காளி மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தவை. இன்று நம் மாவட்டத்து மானாவாரி நிலங்களில் மக்காச்சோளம் விளைந்து கோழித் தீவனத்துக்குச் செல்கிறது. மிளகாயும் தக்காளியும் இல்லாத சமையலை நம்மால் எண்ணிப் பார்க்கவும் முடியாது. ஆகவே டாக்கோவை அந்நிய உணவு என்று ஒதுக்க வேண்டியதில்லை.

நீரிழிவு உள்ளவருக்கு இதில் தடையாக இருப்பது ஓடு மட்டுமே. சிறிய மக்காச்சோள ரொட்டி ஒன்றில் ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து கிராம் மாவுச்சத்து இருக்கும். ஒருவர் ஒரு வேளைக்கு மூன்று, நான்கு உண்பார். உள்ளே வைக்கும் கறியும் காயும் சர்க்கரையைப் பெரிதாக உயர்த்துவதில்லை. எனவே ஓட்டை மாற்றினால் உணவின் தன்மையே மாறிவிடுகிறது.

மாவுச்சத்தை ஏன் குறைக்க வேண்டும்?

நாம் உண்ணும் மாவுச்சத்து முழுவதும் குடலில் குளுக்கோசாக உடைந்து இரத்தத்தில் கலக்கிறது. அதை உயிரணுக்களுக்குள் செலுத்துவது இன்சுலின். நீரிழிவில் இன்சுலின் போதாமல் இருக்கிறது, அல்லது இருந்தும் சரிவர வேலை செய்வதில்லை. எனவே ஒரே வேளையில் வந்து சேரும் மாவுச்சத்து எவ்வளவு மிகுதியோ, அவ்வளவுக்கு உணவுக்குப் பின்னுள்ள சர்க்கரையும் உயர்கிறது.

ஒரு பரோட்டாவில் ஐம்பது முதல் அறுபது கிராம் மைதா இருப்பதாகக் கொண்டால், அதில் ஏறத்தாழ நாற்பது கிராம் மாவுச்சத்து உண்டு. மூன்று பரோட்டாவுக்கு நூற்றிருபது கிராம். “நான் பரோட்டாவை விட்டுவிட்டேன், சப்பாத்திதான் சாப்பிடுகிறேன்” என்று சொல்பவர் பலர். முப்பது கிராம் கோதுமை மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ இருபது கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நான்கு சப்பாத்தி உண்டால் எண்பது கிராம் ஆகிறது. கம்பு, கேழ்வரகு போன்ற சிறுதானியங்களிலும் நூறு கிராமுக்கு அறுபது கிராமுக்கு மேல் மாவுச்சத்து உண்டு. அவற்றில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. அதனால் அளவின்றி உண்ணலாம் என்பது உண்மையன்று. மாவின் பெயரை மாற்றுவதைவிட அதன் அளவைக் குறைப்பதே முதன்மையானது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு தழுவி நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளியாயின. அதன்படி இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடி பேருக்கு நீரிழிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. நம் உணவில் மொத்த ஆற்றலில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அதை ஐம்பதுகளுக்குக் குறைத்து, அந்த இடத்தில் புரதத்தைக் கூட்டினால் பயனுண்டு என்று அதே ஆய்வுக் குழுவினர் 2022இல் எழுதினர். கவனியுங்கள்: அவர்கள் சோற்றை முற்றாக ஒழிக்கச் சொல்லவில்லை, குறைக்கவே சொல்கிறார்கள். ஒரு நாளில் ஒரு வேளை உணவை மாற்றினாலே இந்த இலக்கைப் பெரும்பாலும் எட்டிவிடலாம்.

மூன்று வகை ஓடுகள்

மேலை நாடுகளில் பாலாடைக்கட்டியை வாணலியில் உருக்கி, மொறுமொறுப்பாக்கி அதையே ஓடாக மடிக்கிறார்கள். அதில் மாவுச்சத்து இல்லை. ஆனால் உப்பும் கொழுப்பும் மிகுதி. நீரிழிவுடன் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் நம்மிடையே பலர் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. நம் வீடுகளில் எளிதாகச் செய்யக்கூடிய மூன்றைக் கீழே தருகிறேன்.

1. முட்டை ஓடு (இரண்டு ஓடுகளுக்கு)

தேவையானவை: முட்டை இரண்டு, தண்ணீர் இரண்டு தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை அல்லது கொத்தமல்லி ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள், மஞ்சள்தூள், உப்பு சிறிதளவு, எண்ணெய் ஒரு தேக்கரண்டி.

செய்முறை: முட்டைகளை உடைத்துத் தண்ணீர், கீரை, பொடிகளுடன் சேர்த்து நுரை வரும்வரை அடித்துக்கொள்ளுங்கள். தோசைக்கல்லை மிதமான தீயில் காயவைத்து, அரைத் தேக்கரண்டி எண்ணெயைத் தடவுங்கள். கலவையில் பாதியை ஊற்றி, கல்லைச் சாய்த்துச் சுழற்றி மெல்லியதாகப் பரவவிடுங்கள். கரண்டியால் தோசை போலத் தேய்த்தால் கிழிந்துவிடும். மூடி வைத்து ஒரு நிமிடம் வேகவிட்டு, ஓரம் தானாக எழும்பியதும் திருப்பிப் போடுங்கள். இருபுறமும் நன்கு வெந்தபின், சூடாக இருக்கும்போதே பாதியாக மடித்து, நடுவில் கரண்டிக் காம்பை வைத்து இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். ஆறியதும் ஓடு வாய் திறந்த நிலையிலேயே நிற்கும்.

இரண்டு ஓடுகளிலும் சேர்த்து மாவுச்சத்து ஒன்றிரண்டு கிராமுக்கு மேல் இராது. புரதம் ஏறத்தாழ 12 கிராம் கிடைக்கும். இதய நோய் உள்ளவர்களும் கெட்ட கொழுப்பு மிகுந்தவர்களும் ஒரு முழு முட்டையுடன் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் சேர்த்துச் செய்யலாம். ஓடு சற்று மெலிதாக வரும்; சுவை குறையாது.

2. முட்டைக்கோஸ் இலை ஓடு

ஒட்டன்சத்திரம் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வந்திறங்கும் முட்டைக்கோஸே போதும். இறுகிப் பந்துபோல் இருப்பதைத் தவிர்த்து, இலைகள் சற்றுத் தளர்வாக இருக்கும் கோஸைத் தேர்ந்தெடுங்கள். வெளியிலுள்ள இரண்டு மூன்று இலைகளை நீக்கிவிடுங்கள். அடித்தண்டைச் சுற்றிக் கத்தியால் கீறினால் இலைகள் கிழியாமல் முழுதாகக் கழன்று வரும். அவற்றை உப்பும் மஞ்சளும் கலந்த கொதிநீரில் ஒரு நிமிடம் மட்டும் இட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். நடுநரம்பின் தடித்த பகுதியைச் சீவிவிட்டால் இலை எளிதில் மடியும். ஒவ்வொரு டாக்கோவுக்கும் இரண்டு இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள்; ஓர் இலை மட்டும் இருந்தால் சாறு ஒழுகும்.

காணொளிகளில் லெட்டூஸ் இலையைப் பச்சையாகவே பயன்படுத்துகிறார்கள். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்களும், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்களும் பச்சை இலைகளைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு நன்கு வேகவைத்த கோஸ் இலையே பாதுகாப்பானது.

3. பாசிப்பயற்று ஓடு (நான்கு ஓடுகளுக்கு)

முட்டை உண்ணாதவர்களுக்கு இது உகந்தது. நூறு கிராம் பாசிப்பயற்றை ஆறு மணி நேரம் ஊறவைத்து, இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம், உப்புடன் அரைத்து, தோசைமாவுப் பதத்தில் நான்கு மெல்லிய அடைகளாக வார்த்துக்கொள்ளுங்கள். அரிசி சேர்க்க வேண்டாம். மொறுமொறுப்பாகும்வரை விடாமல், மென்மையாக இருக்கும்போதே எடுத்து மடியுங்கள். ஓர் ஓட்டில் ஏறத்தாழ 12 கிராம் மாவுச்சத்தும், ஐந்து கிராமுக்கு மேல் புரதமும், நான்கு கிராம் நார்ச்சத்தும் இருக்கும். முதலிரண்டு வகைகளைப்போல இது மாவுச்சத்து அற்றது அன்று. பரோட்டாவோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

உள்ளே வைப்பதற்கு

கோழி: எலும்பில்லாத கோழிக்கறி எண்பது கிராம் (ஒருவருக்கு). பொடியாகக் கொத்தி, இஞ்சி பூண்டு விழுது, மிளகு, சீரகம், சிறிது மிளகாய்த்தூள் சேர்த்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் நீர் வற்றும்வரை வதக்குங்கள். சால்னாவைப் போலத் தேங்காயும் எண்ணெயும் மிதக்க வேண்டியதில்லை. வறண்ட வறுவலே ஓட்டுக்குள் நிற்கும்.

சைவத்துக்குக் காளான், பன்னீர், வேகவைத்த சோயா உருண்டை ஆகியவற்றுள் ஒன்றை இதே முறையில் வதக்கலாம். உருளைக்கிழங்கு மசாலாவை வைத்தால் முயற்சி முழுவதும் வீணாகும்.

தக்காளிக் கலவை: தக்காளி ஒன்று, சின்ன வெங்காயம் நான்கு, பச்சை மிளகாய் பாதி, கொத்தமல்லி ஒரு பிடி. அனைத்தையும் பொடியாக நறுக்கி எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். கடையில் விற்கும் தக்காளிச் சாஸில் சர்க்கரை சேர்ந்திருக்கும், அது வேண்டாம்.

‘பட்டர் ஃப்ரூட்’ என்று நம் கடைகளில் விற்கப்படும் வெண்ணெய்ப்பழம், தாண்டிக்குடி போன்ற கீழ்ப்பழனி மலைப்பகுதிகளில் விளைகிறது. மெக்சிகோவில் டாக்கோவுக்குத் துணையாக வரும் பழமும் இதுவே. நம் ஊரில் இதைச் சர்க்கரையும் பாலும் சேர்த்துச் சாறாக அருந்துவதே வழக்கம். அதற்கு மாறாக, கால் பழத்தை மசித்து, உப்பு, எலுமிச்சை, மிளகு சேர்த்து ஓட்டின் உட்புறம் தடவினால் துவையலைப்போல இருக்கும். விலை கூடுதலாகத் தோன்றினால் கெட்டித் தயிரில் வெள்ளரியைத் துருவிச் சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் நோயாளிக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அது ஒரு வாரத்துக்கு மேல் நீடிப்பதில்லை. ஆகவே உள்ளீட்டை அனைவருக்கும் பொதுவாகச் செய்யுங்கள். வளரும் பிள்ளைகள் அதையே சப்பாத்தியில் சுருட்டி உண்ணட்டும். பெரியவர்கள் முட்டை ஓட்டில் உண்ணட்டும். ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம், ஒரே பந்தி.

நான் சொல்லத் தவறியது

இனி அந்த நூற்பாலைத் தொழிலாளரின் செய்திக்கு வருகிறேன். மகள் மறுநாளே முட்டை ஓட்டைச் செய்யத் தொடங்கிவிட்டார். தந்தையும் விரும்பி உண்டார். இரவு உணவில் நூற்றிருபது கிராமாக இருந்த மாவுச்சத்து ஒரே நாளில் பத்துக் கிராமுக்கும் கீழே இறங்கியது. ஆனால் இரவு உணவுக்கு முன் அவர் உட்கொண்டு வந்த கிளிமிபிரைடு மாத்திரையின் அளவு பழையபடியே இருந்தது. அந்த மாத்திரை, உணவு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும். மூன்று பரோட்டாவுக்காகக் கூட்டப்பட்ட அளவு அது.

இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் அருகே அவருக்கு உடல் நடுங்கி, வியர்வை பெருகி, கண் இருண்டது. உடன் பணியாற்றியவர் ஒருவர் அவரை இழுத்து உட்காரவைத்து, சர்க்கரை கலந்த தேநீரைக் கொடுத்ததால் பேராபத்து நீங்கியது. மறுநாள் காலை தந்தையும் மகளும் வந்தார்கள். “என் சமையலால் அப்பாவுக்கு இப்படி ஆயிடுச்சா?” என்று அந்தப் பெண் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. தவறு அவருடைய சமையலில் இல்லை. உணவை மாற்றச் சம்மதித்த நான், அப்போதே மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அதைத்தான் அவரிடம் சொன்னேன்.

இன்சுலின் மருந்து முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது 1922ஆம் ஆண்டு, கனடாவின் டொராண்டோ நகரில். அதற்கு முன் நீரிழிவுக்கு மருத்துவர்களிடம் இருந்த ஒரே கருவி உணவுக் கட்டுப்பாடுதான். மாவுச்சத்தை அறவே குறைத்தே நோயாளிகளைச் சில காலம் உயிருடன் வைத்திருந்தார்கள். உணவே அவ்வளவு வலிய மருந்து. அதனுடன் இன்னொரு வலிய மருந்து சேரும்போது இரண்டின் அளவையும் ஒருசேரப் பார்த்தாக வேண்டும்.

தொடங்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டியவர்கள்

• இன்சுலின் ஊசி போடுபவர்கள். கிளிமிபிரைடு, கிளிகிளசைடு, கிளிபென்கிளமைடு ஆகிய மாத்திரைகளை உட்கொள்பவர்கள். மருந்தின் அளவைக் குறைக்க நேரிடலாம். நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

• டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்கள். மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் இரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. அப்போது சர்க்கரை அளவு அதிகம் உயராமலேயே இருக்கக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும்.

• சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள். இவர்களுக்குப் புரதத்தின் அளவை உணவியல் வல்லுநர் வரையறுக்க வேண்டும். தக்காளி, வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றிலுள்ள பொட்டாசியமும் சிலருக்கு ஆகாது.

• கருவுற்ற பெண்கள், முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகள், மிகவும் மெலிந்த முதியவர்கள். இவர்கள் இம்முறையைத் தாமாகத் தொடங்கக் கூடாது.

மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவர்களுக்கும், மருந்தின்றி உணவால் மட்டும் கட்டுப்படுத்துபவர்களுக்கும் தாழ்சர்க்கரை ஏற்படும் வாய்ப்பு மிகக் குறைவு.

தாழ்சர்க்கரை நேர்ந்தால்

நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை இதன் அடையாளங்கள். சோதிக்கும் கருவி இருந்து அளவு 70க்குக் கீழே காட்டினாலும், கருவி இல்லாமல் அடையாளங்கள் மட்டும் இருந்தாலும், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அல்லது குளுக்கோசைத் தண்ணீரில் கலந்து பருகச் செய்யுங்கள். பதினைந்து நிமிடம் கழித்தும் தெளிவு வராவிட்டால் மீண்டும் ஒருமுறை கொடுங்கள். தெளிந்தபின் ஏதேனும் உணவு கொடுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். 108 ஊர்தியை அழையுங்கள்.

எப்படித் தொடங்கலாம்?

மருத்துவரின் இசைவு பெற்றபின் வாரத்தில் இரண்டு இரவுகளில் மட்டும் தொடங்குங்கள். அந்நாள்களில் உணவு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். வழக்கமான உணவு உண்ட நாளின் அளவையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எங்கள் அறிவுரையைவிட அந்த இரண்டு எண்கள் உங்களுக்கு அதிகம் உணர்த்தும். பெரும்பாலானவர்களுக்கு அது 180க்குள் இருப்பது நல்லது. உங்களுக்குரிய இலக்கை உங்கள் மருத்துவர் கூறுவார்.

முழு மாற்றம் கடினமாகத் தோன்றினால் பாதி மாற்றம் போதும். இரண்டு முட்டை ஓடுகளுடன் ஒரு சிறிய இட்லியோ அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ சேர்த்துக்கொள்ளலாம். இரவுப் பணிக்குச் செல்பவர்களுக்கு இதுவே ஏற்றது. ஓடுகளையும் உள்ளீட்டையும் தனித்தனிச் சம்புடங்களில் எடுத்துச் சென்று, உண்ணும்போது நிரப்பினால் ஊறிப்போகாது. சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் உண்டுவிடுங்கள். நம் கோடைக்காலத்தில் அதற்கும் முன்பே.

அந்தத் தொழிலாளருக்கு இரவு மாத்திரையின் அளவைக் குறைத்தோம். உணவில் சிறிது சுண்டலைச் சேர்த்தோம். மூன்று மாதம் கழித்து எடுத்த சராசரிச் சர்க்கரை முன்னிலும் நன்றாக இறங்கியிருந்தது. மயக்கம் மீண்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஒரு பரோட்டா உண்பதாக அவரே ஒப்புக்கொண்டார். அதை நான் மறுக்கவில்லை. அவருடைய சட்டைப்பையில் இப்போது எப்போதும் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது.

அடுத்த முறை எமது புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, நீங்கள் உண்ணும் மாத்திரைகளின் அட்டைகள் அனைத்தையும் கையோடு எடுத்து வாருங்கள். உணவை மாற்ற எண்ணியிருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறவாதீர்கள்.